முறுக்கு பிழியும்போது நெஞ்சை அடைக்கிறதா? – மருத்துவர் பதில்

எண்ணெயைப் பற்றியே மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். கடலை எண்ணெயா நல்லெண்ணெயா, செக்கில் ஆட்டியதா ரீஃபைண்டா, முறுக்கு சுட்ட எண்ணெயை என்ன செய்வது, அலுமினிய வாணலி ஆகுமா, வெல்லம் சர்க்கரையை ஏற்றுமா, உங்கள் கொலஸ்ட்ரால் 212 வந்துவிட்டதே என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் பின்குறிப்பு மாதிரி ஒன்று எழுதியிருக்கிறீர்கள். தீபாவளிக்கு முறுக்கு பிழியும்போது உங்கள் மனைவிக்கு நெஞ்சுக்குள் எதையோ வைத்து அழுத்தியதுபோல் இருந்ததாம். வியர்த்துக் கொட்டியதாம். ஸ்டூலில் உட்கார்ந்து ஓமத் தண்ணீர் குடித்ததும் பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டதாம். கார்த்திகைக்குப் பொரி உருண்டை பிடிக்கும்போது மறுபடி. போன வாரம் பொங்கலுக்காக அரிசி மாவைக் காயவைக்கத் தாம்பாளத்தோடு மொட்டை மாடிக்கு ஏறும்போது மறுபடி. இந்த முறை தாடையும் வலித்திருக்கிறது. "உட்கார்ந்தால் போய்விடுகிறது, அதனால் வாயுதான்" என்று முடித்திருக்கிறீர்கள்.

ஐயா, உட்கார்ந்தால் போய்விடுகிறது என்பதுதான் எனக்குக் கவலை.

இந்தப் பதில் வெளியாகும்வரை நீங்கள் காத்திருக்கக்கூடாது என்பதால், கடிதம் கையில் கிடைத்த அன்றே உங்களுக்குப் போன் செய்யச் சொல்லிவிட்டேன். இங்கே எழுதுவது, இதே ஓமத் தண்ணீரும் ஸ்டூலும் இருக்கிற மற்ற வீடுகளுக்கும் சேர்த்துத்தான்.

வாயு, நீங்கள் வேலை செய்கிறீர்களா சும்மா இருக்கிறீர்களா என்று பார்த்து வராது. சாப்பிட்ட பிறகு வரும், குனிந்தால் வரும், படுத்தால் வரும். கையையும் காலையும் போட்டு உழைக்கும்போது வந்து, நிறுத்தினால் சில நிமிடங்களில் அடங்குகிற அழுத்தம் இதயத்தின் வேலையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆஞ்சைனா என்போம். உப்புப் படிந்து குறுகிப்போன குழாயை நினைத்துக்கொள்ளுங்கள்: சொம்பு நிறைய அதில் வரும் தண்ணீர் போதும், தோட்டத்துக்குப் பாய்ச்சத்தான் போதாது. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டிருந்தாலும் அப்படித்தான். உட்கார்ந்து காய் நறுக்கும்வரை ஒன்றும் தெரியாது. நாழியை அழுத்திப் பிழியும்போது, மாடிப்படி ஏறும்போது, இதயம் கூடுதல் ரத்தம் கேட்கும், கிடைக்காது, வலிக்கும். உட்கார்ந்ததும் தேவை குறைவதால் வலி போகிறது. அடைப்பு அங்கேயேதான் இருக்கிறது.

உங்கள் மனைவிக்கு வயது 63. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. இந்த இரண்டும் சேர்ந்தவர்களுக்கு, சினிமாவில் வருவதுபோல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிற வலி வரவேண்டும் என்று கட்டாயமில்லை. நீண்ட நாள் சர்க்கரை, வலியைச் சொல்லும் நரம்புகளையும் மழுங்கடித்துவிடும். பெண்களுக்குப் பல சமயம் மூச்சு வாங்குவது, காரணமில்லாத அசதி, குமட்டல், வியர்வை, தாடையிலோ தோளிலோ முதுகிலோ ஒரு வலி என்றுதான் தலைகாட்டும். அடுப்படியில் நின்றால் யாருக்கும் வியர்க்கும் என்பதால் வியர்வையை அடுப்பின் கணக்கிலும், தாடை வலியைப் பல்லின் கணக்கிலும் எழுதிவிடுகிறோம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். முதலில் கிலோக் கணக்கில் மாவு பிழிந்தபோது வந்தது. இப்போது ஒரு மாடிப்படிக்கே வருகிறது, தாடைவரை போகிறது. புதிதாக வந்த வலி, குறைந்த உழைப்புக்கே வரத் தொடங்கினால் அது காத்திருக்கும் வகை இல்லை. பொங்கல் கழியட்டும், பேரப்பிள்ளைகள் ஊருக்குத் திரும்பட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். இன்றைக்கோ நாளைக்கோ இதய மருத்துவரைப் பார்க்கவேண்டும்.

அங்கே ஈசிஜி எடுப்பார்கள். அது நார்மல் என்று வந்தால், தயவுசெய்து நிம்மதிப் பெருமூச்சு விட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். வலியில்லாத நேரத்தில், படுத்த நிலையில் எடுக்கும் ஈசிஜி, குழாயில் அடைப்பு இருந்தாலும் சாதாரணமாக இருக்கலாம். தெருமுனை லேபில் ஒன்று எடுத்து, "நார்மல்" என்ற வார்த்தையைப் பார்த்து மடித்து வைத்துவிட்டவர்கள் நிறையப் பேர். ரத்தப் பரிசோதனை, எக்கோ என்கிற இதய ஸ்கேன், அதன்பின் டிரெட்மில்லா (நடக்கவைத்து எடுக்கும் ஈசிஜி) ஆஞ்சியோகிராமா (ரத்தக்குழாய் அடைப்பைப் படமெடுத்துப் பார்ப்பது) என்பதை நேரில் பார்ப்பவர் முடிவு செய்வார். பென்ஷன்தாரர் காப்பீட்டு அட்டையை இப்போதே தேடி எடுத்து வையுங்கள்.

அதற்குள் சும்மா இருக்கும்போதே அந்த அழுத்தம் வந்தாலோ, உட்கார்ந்து பத்து நிமிடம் ஆகியும் அடங்காவிட்டாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து அழைத்துப்போக வேண்டாம். பெங்களூரில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டு யோசனை கேட்பதெல்லாம் அப்புறம். கிராமத்திலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு: தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டோர்வாஸ்டாடின் மாத்திரைகளை முதல் தவணையாகக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். பக்கத்தில் இருப்பதை விட்டுவிட்டு டவுன் ஆஸ்பத்திரியைத் தேடி ஒரு மணி நேரம் காரில் ஓடாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் வந்ததாக நீங்கள் ஒட்டி அனுப்பிய அந்தக் குறிப்பு, நெஞ்சுவலி வந்தால் தொடர்ந்து பலமாக இருமிக்கொண்டே இருந்தால் பிழைத்துவிடலாம் என்பது, பல வருடமாகச் சுற்றுகிற சரக்கு. இருமிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் ஆம்புலன்ஸ் தெருமுனைக்கு வந்திருக்கும். அதே மாதிரி, பக்கத்து வீட்டுக்காரர் சட்டைப் பையில் வைத்திருக்கும் நெஞ்சுவலி மாத்திரையான சார்பிட்ரேட்டை வாங்கி நாக்குக்கு அடியில் வைப்பதும் வேண்டாம். ஏற்கெனவே பிபி இறங்கியிருப்பவருக்கு அது இன்னும் இறக்கிவிடும். டாக்டர் எழுதிக்கொடுத்தால் வைத்துக்கொள்ளுங்கள், எப்போது, எப்படி என்று கேட்டுக்கொண்டு.

உங்கள் மனைவி தீபாவளியிலிருந்து தினமும் காலையில் ஒரு பான்டோபிரசோல், அதாவது வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை, போட்டுக்கொண்டிருக்கிறாராம், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கியது. கோபம் வருகிறது, ஐயா. மாத்திரை போட்டும் படியேறும்போது வலி வருகிறது என்றால், அது வயிற்றுக் கோளாறு இல்லை என்று அந்த மாத்திரையே சொல்லிவிட்டதே! தவிர, சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினோடு இதையும் நீண்ட நாள் சேர்த்துப் போட்டால் வைட்டமின் பி12 குறையலாம். அவருக்குக் காலில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது என்பதற்குச் சர்க்கரை மட்டும்தான் காரணமா என்று அதையும் பார்க்கச் சொல்லுங்கள். தீபாவளி லேகியம் மிச்சமிருக்கிறது, கொடுக்கலாமா என்கிறீர்கள். சுக்கு, திப்பிலி, ஓமம் இவற்றில் தப்பில்லை. அதில் பாதி வெல்லமும் நெய்யும். நெஞ்சடைப்புக்கு அது மருந்தும் இல்லை.

வியர்வைக்கு இன்னொரு காரணமும் உண்டு, பண்டிகை நாளில் அதை மறக்கக்கூடாது. காலையில் சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பானை பொங்கி, படையல் போட்டு, காக்காய்க்கு வைத்து, எல்லோருக்கும் பரிமாறிவிட்டுப் பதினொன்றரைக்கு வாயில் முதல் கவளம் வைப்பது நம் வீட்டுப் பெண்களின் வழக்கம். சர்க்கரை தாழ்ந்து வியர்க்கும், கை நடுங்கும், கண் இருட்டும். வீட்டில் குளூக்கோமீட்டர் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது, மாத்திரை போட்டவர் முதலில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டே பொங்கல் வைக்கலாம். ஆனால் சர்க்கரை அளவு சரியாக இருந்து, வியர்வையோடு நெஞ்சும் அடைத்தால், மேலே சொன்ன 108தான்.

இனி உங்கள் மூன்று பக்கத்துக்கு வருகிறேன். அதிக நேரம் எடுக்காது.

கடலை எண்ணெய், நல்லெண்ணெய், எது பழக்கமோ அதுவே போதும். ஆளுக்கு மாதம் அரை லிட்டருக்குள் அடங்க வேண்டும். செக்கு எண்ணெய்க்கு மணம் நன்றாக இருக்கும். அதற்காக அது மருந்தாகிவிடாது. எந்த எண்ணெயானாலும் கிராமுக்கு 9 கலோரிதான். பொரித்த எண்ணெயை ஆறவைத்து வடிகட்டி, ஓரிரு நாளில் குழம்புக்கும் தாளிப்புக்கும் தீர்த்துவிடுங்கள். திரும்பப் பொரிக்க வேண்டாம். கறுத்து, நுரைத்து, வாணலியை வைத்ததுமே புகைந்தால் கொட்டிவிடுங்கள். அலுமினிய வாணலியில் புளிக்குழம்பைக் காய்ச்சி இரவெல்லாம் அதிலேயே வைக்காதீர்கள், அவ்வளவுதான். வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி எல்லாமே சர்க்கரையை ஏற்றும். வெல்லத்தில் இரும்புச்சத்து இருக்கிறதே என்று கேட்காதீர்கள். இரும்புக்காக வெல்லம் தின்றால் இரும்பு ஏறுமுன் சர்க்கரை ஏறிவிடும். உங்கள் 212 மொத்தக் கொலஸ்ட்ரால். அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது, அதற்காக நீங்கள் நெய்யை ஒளித்துவைத்ததும் தேவையில்லை. எனக்கு உங்கள் 212-ஐ விட உங்கள் மனைவியின் எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், எவ்வளவு என்று தெரியவேண்டும். அதைக் கடிதத்தில் காணோம். அவர் பரிசோதனையே செய்துகொள்ளவில்லை என்று நினைக்கிறேன். பேக்கேஜ் டெஸ்ட் உங்களுக்கு மட்டும்தானா?

"எங்கள் கைச் சமையலே எங்களுக்கு எமனாகிவிட்டதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மகன் எல்லாவற்றையும் கடையில் வாங்கிவிடலாம், அடுப்படிப் பக்கமே போகாதீர்கள் என்கிறாராம். அவர் அக்கறை புரிகிறது. ஆனால் மூன்று மாதத்தில் அடைப்பு முளைப்பதில்லை. பல வருடச் சர்க்கரையும் வயதும் பிபியும் சேர்ந்து செய்கிற வேலை அது. தீபாவளி முறுக்கின் மேல் பழியைப் போடவேண்டாம். கடை முறுக்கில் எத்தனையாவது முறை காய்ந்த எண்ணெய் என்று யாருக்குத் தெரியும்?

ரிட்டயர் ஆனபிறகு காய் நறுக்கக் கற்றுக்கொண்டதாகவும், ரேடியோவில் பழைய பாட்டைப் போட்டுவிட்டு இருவரும் சேர்ந்து சமைப்பதாகவும், சாயங்காலம் திண்ணையில் ஒரு டம்ளர் காப்பியை இரண்டாக ஆற்றிக் குடிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இதில் எதையும் நிறுத்தச் சொல்ல எனக்கு மருத்துவக் காரணம் தெரியவில்லை. வேலைப் பங்கீட்டை மட்டும் மாற்றுங்கள். இதய மருத்துவர் சரி என்று சொல்லும்வரை பிழிவது, இடிப்பது, கிண்டுவது, வெண்கலப் பானையைத் தூக்குவது, மாடி ஏறுவது எல்லாம் உங்கள் பொறுப்பு, பேரப்பிள்ளைகள் பெரியவர்களாக இருந்தால் அவர்களுடையதும். அவர் நாற்காலியில் உட்கார்ந்து பதம் பார்க்கட்டும். அதிரசப் பாகைக் கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் ஒதுக்கினால் உருண்டு வருகிறதா கரைந்து போகிறதா என்று பார்த்துச் சொல்ல அவரால்தான் முடியும். அதற்கு இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டியதில்லை.

சர்க்கரைப் பொங்கல் அவருக்கு இரண்டு ஸ்பூன், சோற்றுக்குப் பதிலாக. சோற்றோடு சேர்த்து இல்லை. மொச்சை, அவரை, பூசணி போட்ட பொங்கல் கூட்டைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம், கிழங்கு மட்டும் கொஞ்சம் குறைவாக. கரும்பைக் கடிக்கும் வேலையைப் பேரப்பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். நெய் ஒரு ஸ்பூன் விட்டால் குடி முழுகிவிடாது. அப்பளம், ஊறுகாய், வடாம் மூன்றும் ஒரே இலையில் வேண்டாம், உப்பு கூடும்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஒரு விஷயம். "கேஸ் டிரபிள், டாக்டர்" என்று ஆரம்பிக்காதீர்கள். கூட்டம் நெருக்கும் ஓ.பி.யில் அந்த வார்த்தை காதில் விழுந்தால் இன்னொரு பான்டோபிரசோலை எழுதிக் கொடுத்துவிடும் அபாயம் உண்டு. உங்கள் மனைவியையும் முந்திப் பேச விடாதீர்கள். "ஒன்றுமில்லை டாக்டர், கொஞ்சம் அசதி" என்றுதான் ஆரம்பிப்பார். நீங்கள் இப்படிச் சொல்லுங்கள்: வயது 63, பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை, மாடி ஏறினால் நெஞ்சு அடைக்கிறது, தாடை வலிக்கிறது, வியர்க்கிறது, உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் போகிறது, தீபாவளியிலிருந்து மூன்று முறை, இப்போது முன்பைவிடச் சீக்கிரம் வருகிறது. போட்டுக்கொண்டிருக்கும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும், அந்த வாயு மாத்திரை உட்பட, ஒரு கவரில் போட்டு எடுத்துப்போய் மேசையில் வையுங்கள்.