ஐம்பது வருஷம் தொலைஞ்சுபோன 'லிட்டில் ரெட்'

கேள்வி: அமெரிக்க ரேஸ் கார் வடிவமைப்பாளர் கேரல் ஷெல்பியோட டீம் சோதனைக்குன்னே கட்டின 1967 ஃபோர்டு மஸ்டங் கார் 'லிட்டில் ரெட்' எப்படிங்க கிடைச்சுது? நொறுக்கிட்டாங்கன்னுல்ல சொன்னாங்க!

பதில்: அப்படித்தான் எல்லாரும் நம்பிட்டு இருந்தாங்க, தேடினவங்களும் ஷெல்பி கம்பெனி தனியா கொடுத்த வரிசை நம்பரை வச்சே தேடித்தேடி ஓய்ஞ்சுட்டாங்க, ஆனா பழைய கார்களைப் புதுப்பிக்கிற ஜேசன் பில்லப்ஸ் அதை விட்டுட்டு ஃபோர்டு கொடுத்த ஒரிஜினல் வின் நம்பரை, அதாவது நம்ம ஊர்ல சொல்ற சேசிஸ் நம்பரைப் பிடிச்சார் பாருங்க, அங்கதான் முடிச்சு அவிழ்ந்துச்சு. அந்த நம்பர் இன்ஜினுக்குப் பக்கத்துத் தகட்டுலயே பொறிச்சிருக்கும், பெயின்ட் போனாலும் அது போகாது. 2018-ல வடக்கு டெக்சாஸ்ல, வெயில்லயும் மழையிலயும் துருப்பிடிச்சு நின்ன வண்டியைப் பார்த்தப்போ எனக்கு மனசே ஆறல. நீங்களும் பழைய வண்டி தேடினா முதல்ல சேசிஸ் நம்பரைக் கேளுங்க, கலரை நம்பாதீங்க.