உப்பு மண்ணில் என்ன நடலாம்?

கேள்வி: வேதாரண்யம் பக்கம் வீடு. மண் உவர், கார அமில நிலை 7.9 என்று பரிசோதனையில் வந்தது. ரோஜாவும் எலுமிச்சையும் இலை நுனி கருகிச் சாகின்றன. ஜிப்சம் போடலாமா? எதை நடலாம்?

பதில்: ஜிப்சம் வேண்டாம். கார அமில நிலை 8.5-க்கு மேல் போகும் களர் மண்ணுக்குத்தான் (சோடியம் மிகுந்த மண்) அது மருந்து. உங்கள் மண்ணுக்குத் தேவை, உப்பைக் கரைத்துக் கீழே இறக்கும் வடிகால். ஐப்பசி மழைக்கு முன் பாத்தி வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்குங்கள். உப்பு கரைந்து வேருக்குக் கீழே இறங்கும். கருகிய நுனியைப் பார்த்துத் தண்ணீர்ப் பஞ்சம் என்று தினமும் லேசாகத் தெளிப்பதுதான் பெரிய தவறு. நீர் ஆவியாகி, உப்பு மேலேயே தங்கிவிடும். இடைவெளி விட்டு ஆழமாகப் பாய்ச்சி, மண்ணின் மேல் காய்ந்த இலை, வைக்கோலால் மூடாக்கு இடுங்கள்.

ரோஜா, எலுமிச்சை, அவரை, கேரட் இந்த மண்ணைத் தாங்காது, விட்டுவிடுங்கள். சப்போட்டா, தென்னை, புன்னை, பூவரசு தைரியமாக வைக்கலாம். பூவுக்கு அரளி, காகிதப்பூ. காய்கறியில் பீட்ரூட் நன்றாகத் தாங்கும், ஆனால் முளைக்கும்போது மட்டும் நல்ல தண்ணீர் கொடுங்கள். விதையைப் பாரின் (பாத்தியில் உயர்த்திய மண் மேட்டின்) உச்சியில் ஊன்றாதீர்கள், உப்பு அங்கேதான் வெள்ளையாகப் பூக்கும்; சரிவில் பாதி உயரத்தில் ஊன்றுங்கள். சாம்பல் சத்துக்கு மியூரேட் ஆஃப் பொட்டாஷ் வேண்டாம், அதில் குளோரைடு உண்டு. சல்பேட் ஆஃப் பொட்டாஷ் வாங்குங்கள்.