நிற்கிற மீனுக்கும் துடுப்பு வேலை ஓயாது

கேள்வி: தொட்டியில் தங்க மீன் ஒரே இடத்தில் நிற்கும்போதும் முன்துடுப்புகளை ஆட்டிக்கொண்டே இருக்கிறதே, ஏன்? – வாசகர், திருச்சி

பதில்: அப்படி நிற்பதற்கே அது பாடுபட வேண்டியிருக்கிறது. வாயால் இழுத்த தண்ணீரைச் செவுள் வழியாகப் பின்பக்கம் தள்ளுகிறது. அந்த வேகத்தில் உடம்பு மெல்ல முன்னே நகரப் பார்க்கும். மார்புத் துடுப்புகள் எதிர்ப்பக்கம் துழாவி அதைச் சரிக்கட்டுகின்றன. இன்னொரு தொல்லை: முதுகெலும்பும் கனமான சதையும் மேலே, காற்றுப்பை அதற்குக் கீழே. ஆகவே உடம்பு எப்போதும் கவிழத்தான் பார்க்கும். செத்த மீன் மல்லாந்து மிதப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

துடுப்பு எல்லாமே மீனை முன்னே தள்ளத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான மீன்களில் அந்த வேலை உடம்புச் சதைக்கும் வாலுக்கும் உரியது. முதுகுத் துடுப்பும், வாலுக்கு முன்னால் அடியில் உள்ள குதத் துடுப்பும் உடம்பு உருளாமல் பிடிக்கின்றன. மார்புத் துடுப்புதான் பிரேக். இரண்டையும் சேர்த்து விரித்தால் மீன் நிற்கும். ஒன்றை மட்டும் விரித்தால் அந்தப் பக்கம் திரும்பும். கடல்குதிரை விதிவிலக்கு: வால் துடுப்பே கிடையாது, முதுகுத் துடுப்பை நொடிக்கு 30 முறைக்கும் மேல் படபடக்க வைத்துத்தான் நகர்கிறது.

கேள்வி: சூரைக்குப் பிறைபோல வால், கொடுவாவுக்கு வட்ட வால். ஏன் இந்த வித்தியாசம்? – வாசகர், தூத்துக்குடி

பதில்: பிழைப்பு வேறு. கொடுவா மறைவில் பதுங்கியிருந்து பாயும். அகன்ற வால் ஒரே அடியில் நிறையத் தண்ணீரைத் தள்ளும். நெடுநேரம் நீந்தினால் அதே அகலம் பாரமாகிவிடும். சூரை ஓயாமல் நீந்தும் மீன். உடம்பை விறைப்பாக வைத்து வாலை மட்டும் அடிக்கும். ஒடுங்கிய பிறை வாலுக்குத் தண்ணீரின் இழுவை குறைவு.

மார்க்கெட்டில் சூரையின் முன் முதுகுத் துடுப்பைத் தூக்கிவிட்டுப் பாருங்கள். மடிந்தால் முதுகிலுள்ள பள்ளத்தில் அப்படியே பதிந்துவிடும். வேகமாக ஓடும்போது அதை மடக்கி வைத்துக்கொள்கிறது.

கேள்வி: தங்க மீனின் வால் ஓரம் கிழிந்திருக்கிறது. திரும்ப வளருமா? – வாசகர், மதுரை

பதில்: அடிப்பகுதி அரிபடாதவரை வளரும். துண்டாகக் கடித்த மாதிரி இருந்தால் கூட இருக்கும் மீனின் வேலை; பிரித்து விடுங்கள். ஓரம் வெளுத்தோ சிவந்தோ நைந்திருந்தால் அழுகல். மிஞ்சிய தீனியாலும் கழிவாலும் அம்மோனியா ஏறிய தண்ணீரில்தான் அது பெரும்பாலும் வரும். தீனியைக் குறைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் கால் பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீரில் குளோரின் இருக்கக் கூடாது. அயோடின் சேர்க்காத கல்லுப்பு லிட்டருக்கு 1 கிராம் தனியே கரைத்து ஊற்றலாம். தண்ணீர் மாற்றும்போது, மாற்றிய அளவுக்கு மட்டுமே உப்பு போட வேண்டும். ஒவ்வொரு தடவையும் முழுத் தொட்டிக்கும் கணக்குப் போட்டால் உப்பு ஏறிக்கொண்டே போகும். புதிதாக வளரும் ஓரம் முதலில் கண்ணாடிபோல நிறமில்லாமல் இருக்கும். அதை அழுகல் என்று நினைத்து மருந்தை ஊற்றிவிடாதீர்கள்.