ஒடியோலையும் மெழுகு நூலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் குடும்பத்துடன் சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதிக்குச் சென்றிருந்தோம். கொண்டகாவ் என்ற ஊரில் உலோக வார்ப்பு செய்யும் கட்வா குடும்பங்களின் வீட்டு முற்றங்களில் அமர்ந்து வேலையைப் பார்த்தோம். கிளைத்துக் கிளைத்து மரம்போல் விரியும் மான்கொம்பு, முதுகில் விளக்கைச் சுமக்கும் ஆமை, மத்தளம் கொட்டும் நெடிய மனிதர்கள் என ஒவ்வொன்றும் புதிதாக இருந்தது. ஊர் திரும்பியபின், தை மாதத்தில் வரும் புதுமனை புகுவிழாவுக்கு நடராசர் சிலை ஒன்று வாங்கச் சுவாமிமலைக்குப் போனோம். கடைக்குக் கடை அதே நடராசர், அதே சிவகாமி. கல்லூரியில் படிக்கும் என் மகன், "அங்கே கலைஞர்களைப் பார்த்தோம், இங்கே நகலெடுப்பவர்களைத்தான் பார்க்கிறோம்" என்றான். அவனுக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. நம் உலோகச் சிற்பக்கலை சிற்ப சாத்திரங்களின் அளவு விதிகளுக்குள் உறைந்துவிட்டதா? மேலும், ஒன்றரை அடி நடராசருக்கு ஒரு கடையில் சொன்ன விலையில் பாதிக்கு அடுத்த கடையில் தருகிறார்கள். எதை வாங்குவது?

எஸ்., கோயம்புத்தூர்

அன்புள்ள எஸ்.,

கடைத்தெருவில் நின்று பார்க்கும் எவருக்கும் உங்கள் மகனுக்குத் தோன்றியதுதான் தோன்றும். கொண்டகாவில் நீங்கள் முற்றத்தில் அமர்ந்து வேலையைப் பார்த்தீர்கள். சுவாமிமலையில் கண்ணாடி அலமாரியில் முடிந்த சிலையைப் பார்த்தீர்கள். ஆகவே இரண்டு ஊர்களின் பட்டறைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதிலிருந்து தொடங்குகிறேன்.

இரண்டும் மெழுகை இழந்து உலோகத்தைப் பெறும் ஒரே முறையின் இரண்டு கிளைகள். கட்வா கைவினைஞர் முதலில் களிமண்ணால் உட்கருவைப் பிடிக்கிறார். அதன்மேல் தேன்மெழுகை நூல்நூலாகப் பிழிந்தெடுத்துச் சுற்றி ஒட்டுகிறார். நீங்கள் பார்த்த மானின் மேனியெங்கும் ஓடிய வரிகள் அந்த மெழுகு நூலின் தடங்கள்தாம். மேலே மண் பூசிச் சுடும்போது மெழுகு உருகி விலக, அது விட்டுச்சென்ற மெல்லிய இடைவெளியில் பித்தளை புகுந்து நிறைகிறது. உட்கருவைச் சுற்றி மட்டுமே உலோகம் நிற்கும் இது பொள்ளல் வார்ப்பு. வார்த்தபின் உளிக்கு அதிக வேலை இல்லை. நூலின் தடம்தான் அழகு என்பதால் அதை அழிக்காமல் சுத்தம் செய்வதே போதுமானது.

சுவாமிமலையில் வேலை ஒரு தென்னை ஓலையில் தொடங்குகிறது. செய்ய வேண்டிய சிலையின் உயரத்துக்கு ஓலை நறுக்கை வெட்டி, அதை மடித்து மடித்துத் தாலம், அங்குலம் என்னும் சிற்ப அளவுகளாகப் பகுத்துக்கொள்கிறார்கள். இதற்கு ஒடியோலை என்று பெயர். உத்தம தசதாலம் என்ற அளவில் உயரம் 124 பங்குகளாகிறது. முகத்துக்கு இத்தனை, கழுத்துக்கு இத்தனை, முழங்காலுக்கு இத்தனை என்பது அந்த ஓலையில் இருக்கிறது. தேன்மெழுகும் குங்கிலியமும் சிறிது எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் உறுப்புகளைத் தனித்தனியே செய்து, சூடேற்றிய கருவியால் பொருத்தி, முழு உருவத்தையும் மெழுகிலேயே முடிக்கிறார்கள். அதன்மேல் முதல் பூச்சாக வருவது காவிரியின் நுண்மையான வண்டல். மெழுகில் நகத்தால் கீறிய கோட்டைக்கூட அது பதிந்துகொள்ளும். பிறகு வயல்மண்ணும் மணலும் கலந்த தடித்த பூச்சுகள். பெரிய சிலையானால் இரும்புக் கம்பிக் கட்டு. நிழலில் உலர்ந்ததும் வறட்டி நெருப்பில் வாட்டி மெழுகை வடித்துவிட்டு, கூட்டைக் குழியில் புதைத்து, மூசையில் உருகிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். பெரும்பாலும் உள்ளே வெற்றிடம் இல்லாத கனவார்ப்பு. ஒரு கிலோ மெழுகு இருந்த இடத்தை நிரப்ப எட்டு முதல் பத்து கிலோ உலோகம் தேவைப்படுகிறது. ஐம்பொன் என்று வழங்கினாலும் அதில் செம்பே மிகப் பெரும்பங்கு; பித்தளையும் ஈயமும் குறைவாகச் சேரும்; வெள்ளியும் பொன்னும் செய்விப்பவரின் விருப்பத்துக்கேற்பச் சிறு துணுக்குகளாக விழும்.

கூட்டை உடைத்து வெளியே எடுத்தவுடன் அந்தச் சிலையைப் பார்ப்பவர்கள் ஏமாற்றமடைவார்கள். நான் முதன்முதலில் பார்த்தபோது அது கரிபடிந்து, சொரசொரப்பாக, உலோகம் பாய்ந்த வழிகள் வேர்கள்போல் ஒட்டிக்கொண்டு கிடந்தது. அருகிலிருந்த ஸ்தபதி, "இனிமேல்தான் வேலையே" என்றார். அரத்தாலும் உளியாலும் வாரக்கணக்கில், பெரிய சிலையானால் மாதக்கணக்கில் செய்யும் நகாசு வேலையைத்தான் அவர் சொன்னார். அணிகலனின் ஒவ்வொரு மணியும், ஆடையின் மடிப்பும், விரல்நகமும், உதட்டின் ஓரமும் அங்கேதான் தெளிகின்றன. இறுதியில் புளியும் பூந்திக்கொட்டையும் தேய்த்துக் கழுவும்போதுதான் செம்பின் நிறம் முழுதாகத் தெரியும்.

இப்போது நகல் என்ற சொல்லுக்கு வருகிறேன். நடராசரின் பின்கைகளில் ஒன்றில் உடுக்கை, மற்றொன்றில் தீ; முன்கைகளில் ஒன்று அபயம் காட்ட, மற்றொன்று தூக்கிய திருவடியைச் சுட்ட வேண்டும்; ஊன்றிய பாதத்தின் கீழ் முயலகன் இருக்க வேண்டும். இவற்றை மாற்றும் உரிமை ஸ்தபதிக்கு இல்லை, அவர் அதைக் கேட்பதும் இல்லை, ஏனென்றால் அந்த உருவம் வழிபடுபவருக்கு உரியது. ஆனால் ஊன்றிய காலின் முழங்கால் எவ்வளவு தாழ்கிறது, இடுப்பு எந்தப் பக்கம் எவ்வளவு ஒசிகிறது, சடை எந்த வேகத்தில் விரிகிறது, மார்பிலிருந்து வயிற்றுக்கு இறங்கும் தசை எங்கே இளகுகிறது என்பவற்றை ஓலை முழுவதும் சொல்லிவிடுவதில்லை. ஒரே அளவில் இரண்டு பட்டறைகளில் செய்த நடராசர்களை அருகருகே வைத்தால், ஒன்று ஆடும், மற்றொன்று ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த வேறுபாட்டை உண்டாக்கும் கைக்குக் கலைஞன் என்ற பெயரை மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

புதுதில்லி பாரத மண்டபத்தின் முன்னால் 2023ஆம் ஆண்டு ஜி20 மாநாட்டையொட்டி நிறுவப்பட்ட நடராசரை உங்கள் மகன் படத்தில் பார்த்திருப்பார். 27 அடி உயரமும் ஏறத்தாழ 18 டன் எடையும் கொண்ட அந்தச் சிலையைச் சுவாமிமலை ராதாகிருஷ்ண ஸ்தபதியும் அவரது குழுவினரும் இதே மெழுகு முறையில் ஏழு மாதங்களில் செய்தார்கள். சிதம்பரம், தஞ்சைப் பெரியகோயில், கோனேரிராசபுரம் ஆகிய மூன்று தலங்களின் நடராசர்களைக் கருத்தில் கொண்டே அதன் உருவம் அமைக்கப்பட்டது. மூன்று திருமேனிகளை மனத்தில் வாங்கி, கோயிலுக்குள் வணங்குவதற்கான உருவத்தைத் திறந்தவெளியில் அண்ணாந்து பார்க்கும் உயரத்துக்குக் கொண்டுவருவது வெறும் நகலெடுப்பால் ஆகக்கூடியதன்று.

பஸ்தரைப் பற்றியும் ஒன்றைச் சொல்ல வேண்டும், அவர்களைக் குறைப்பதற்காக அல்ல. கட்வாக்களும் தொடக்கத்தில் அப்பகுதிப் பழங்குடி மக்களின் வழிபாட்டுக்கான அம்மன் உருவங்களையும், நேர்த்திக்கடன் குதிரை யானைகளையும், அணிகளையும், அளவைப் பாத்திரங்களையுமே வார்த்தார்கள். அவற்றுக்கும் அந்த ஊர்களின் மரபு வகுத்த அடையாளங்கள் இருந்தன. நகரத்து வரவேற்பறைக்கான விளக்குத்தாங்கிகளும் மத்தளக்காரர்களும் அரசு விற்பனை நிலையங்களும் கண்காட்சிகளும் கைவினைஞர்களைத் தேடி வந்தபிறகு பெருகியவை. அந்த வாய்ப்பைப் பயன்படுத்தித் தம் மரபை உலகம் அறியச் செய்த ஜெய்தேவ் பகேல் போன்ற பெரிய கலைஞர்கள் கொண்டகாவில் தோன்றினார்கள் என்பது உண்மை. எந்த உருவம் நன்றாக விற்கிறதோ அதையே நூற்றுக்கணக்கில் செய்யும் நெருக்கடி அங்கும் உண்டு என்பதும் அதே அளவு உண்மை. உங்கள் கண்ணுக்குப் புதிதாகத் தெரிந்த ஆமை அந்த முற்றத்தில் எத்தனையாவது ஆமை என்று கேட்டிருந்தால், சுவாமிமலையைப் பற்றிய உங்கள் மகனின் தீர்ப்பு சற்றுத் தயங்கியிருக்கும்.

என் கவலை வேறிடத்தில் இருக்கிறது. இப்போது ரப்பர் அச்சில் மெழுகை வார்த்து ஒரே உருவத்தை வேண்டிய அளவு எடுக்க முடிகிறது. வார்த்தபின் உளியை விட்டுவிட்டு மின்சார இயந்திரத்தால் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடவும் முடிகிறது. செம்பைக் குறைத்துப் பித்தளையைக் கூட்டினால் விலை இன்னும் இறங்கும். நீங்கள் கண்ட பாதிவிலை பெரும்பாலும் இவ்வழிகளில் ஏதோ ஒன்றில் வந்திருக்கும். அங்கே குறைக்கப்பட்டது ஒரு மனிதர் அந்த முகத்தின் முன் உளியுடன் அமர்ந்திருக்கக்கூடிய நாட்கள். சுவாமிமலைப் படிமங்களுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, மாமல்லபுரத்து அரசு சிற்பக் கல்லூரியில் உலோகச் சிற்பம் கற்பிக்கிறார்கள், இரண்டும் நல்லவையே. ஆனால் நகாசுக்கான கூலியைத் தர வாங்குபவர் மறுத்தால், நன்றாகக் கற்ற இளைஞரும் இயந்திரத்தைத்தான் கையில் எடுப்பார். அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது.

ஆகவே கடையை விட்டுப் பட்டறைக்குப் போங்கள். சிலையின் முகத்தைப் பார்க்கும் முன் முதுகைப் பாருங்கள். பின்புறத்து முடிச்சும் பூணூலும் முன்புறத்தின் அதே கவனத்தோடு முடிந்திருக்கின்றனவா என்று கவனியுங்கள். விரல்களுக்கிடையில் ஒளி புகுகிறதா என்று பாருங்கள். மணிகள் தனித்தனியே நிற்க வேண்டும். மழுங்கி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் உளி அங்கே போகவில்லை என்று பொருள். செம்பு எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பச்சைக் களிம்பு ஏற்றிய சிலையைப் பழையது என்று எவரேனும் காட்டினால் விலகிவிடுங்கள். நூறாண்டு கடந்த படிமங்களின் விற்பனையை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் கட்டுப்படுத்துகிறது. வெளிநாட்டுக்குச் செல்லும் புதிய சிலைக்கும் அது தொல்பொருள் அன்று என்ற சான்று வாங்க வேண்டியிருக்கிறது.

முடிந்தால், உங்களுக்கான சிலையை மெழுகு நிலையிலேயே ஒருமுறை சென்று பார்த்து வாருங்கள். மகனையும் அழைத்துச் செல்லுங்கள். மண் பூசியபின் அந்த மெழுகு உருவத்தை யாரும் மறுபடி பார்க்க முடியாது. இதற்கெல்லாம் தை மாதத்துக்குள் நேரம் போதாது. புதுமனை புகுவிழாவை வீட்டிலிருக்கும் படத்தை வைத்தே நடத்திவிட்டு, ஸ்தபதி கேட்கும் மாதங்களை அவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்