தமிழம்மா பதில்கள்: ‘சிறப்புத் தமிழ் எடுக்கட்டுமா?’

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் முக்கால்வாசி பிளஸ் ஒன் குரூப் பற்றித்தான். மேல்நிலை வகுப்புகளுக்கு 32 வருடம் தமிழ் எடுத்தவள் என்பதால், இந்த வாரம் மொழிப்பாடக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சிறப்புத் தமிழ் என்பது, எல்லோருக்கும் உள்ள பொதுத் தமிழ் போக, சில குரூப்புகளின் நான்கு பாடங்களில் ஒன்றாக வரும் இன்னொரு தமிழ்ப்பாடம்.

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பில் 461 மதிப்பெண். தமிழில் 98, கணக்கில் 81. பக்கத்து ஊர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் வரலாறு, பொருளியல், அரசியல் அறிவியல், சிறப்புத் தமிழ் உள்ள குரூப்பில்தான் சேருவேன் என்கிறாள். என் அண்ணனோ, ‘சயின்ஸ் எடுத்தால் பிறகு பி.ஏ. தமிழுக்கும் போகலாம், ஆர்ட்ஸ் எடுத்தால் சயின்ஸுக்குத் திரும்ப முடியாது’ என்கிறார். என்ன செய்வது?
– ஒரு தாய், திண்டுக்கல் மாவட்டம்

அம்மா, உங்கள் அண்ணன் சொல்வது உண்மைதான். அந்த குரூப்பில் சேர்ந்தால் இன்ஜினீயரிங், மருத்துவம், பி.எஸ்சி. நர்சிங் எல்லாம் இல்லை என்று ஆகிவிடும். இதை மகளிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். சட்டம் ஐந்தாண்டுப் படிப்புக்கு எந்த குரூப்பும் போதும். ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2, ஐ.ஏ.எஸ். தேர்வுகள் எழுதலாம். ஐ.ஏ.எஸ். மெயின் தேர்வில் தமிழ் இலக்கியத்தையே விருப்பப் பாடமாக எடுக்கலாம். இரண்டு தாள், 500 மதிப்பெண்.

ஆனால் உங்கள் அண்ணன் ஒன்றை விட்டுவிட்டார். அரசுக் கலைக் கல்லூரியில் பி.ஏ. தமிழுக்கு ரேங்க் போடுவது பிளஸ் டூ தமிழ் மதிப்பெண்ணை வைத்து. பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மதிப்பெண். மற்ற பட்டப்படிப்புகளுக்குத்தான் மீதி நான்கு பாடங்களின் 400. சயின்ஸ் குரூப்பிலும் தமிழும் ஆங்கிலமும் உண்டு, சரி. ஆனால் அந்தத் தமிழைப் படிக்க அந்தப் பிள்ளைகளுக்கு எங்கே நேரம்?

2011-ல் என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். பத்தாம் வகுப்பில் தமிழில் பள்ளி முதலிடம். அப்பாவின் சொல்லைத் தட்ட முடியாமல் ஃபர்ஸ்ட் குரூப் எடுத்தாள். காலை ஆறு மணிக்குக் கணக்கு டியூஷன், சாயங்காலம் இயற்பியல் டியூஷன். தமிழ்ப் புத்தகத்தைத் தேர்வுக்கு முந்தின நாள்தான் திறப்பாள். அப்போது தமிழுக்கு இரண்டு தாள், 200 மதிப்பெண். 141 வாங்கினாள். இயற்பியலும் கைகொடுக்கவில்லை. கடைசியில் தமிழுக்கே வந்தாள், ஆனால் அரசுக் கல்லூரிப் பட்டியலில் அந்த 141 எட்டவில்லை. தனியார் கல்லூரியில் பணம் கட்டிச் சேர்ந்தாள். ‘அப்புறம் தமிழுக்கு வரலாம்’ என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தப் பெண்ணின் முகம்தான் நினைவுக்கு வரும்.

உங்கள் மகளின் ஆசை நிலைக்குமா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். தமிழ் பிடிக்கும் என்று சொல்கிற பிள்ளைகளில் இரண்டு வகை உண்டு. கவிதையின் உணர்ச்சி மட்டும் பிடித்தவர்கள் ஒரு வகை. அந்தக் கவிதை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பிரித்துப் பார்க்கப் பிடித்தவர்கள் இன்னொரு வகை. பி.ஏ. தமிழில் நன்னூலும் யாப்பும் அணியும் தொல்காப்பியமும் வருடா வருடம் வரும். இலக்கணம் கசந்தால் மூன்று வருடம் மிகவும் கஷ்டம்.

அதனால் முதல் குறளைக் கொடுத்து அலகிடச் சொல்லுங்கள். சொற்களை நேர், நிரை என்ற அசைகளாகப் பிரித்து, தேமா, புளிமா என்று வாய்பாடு சொல்வதுதான் அலகிடுதல். ‘அக/ர’ நிரை நேர், புளிமா. ‘முத/ல’ அதுவும் புளிமா. ‘எழுத்/தெல்/லாம்’ நிரை நேர் நேர், புளிமாங்காய். ‘ஆ/தி’ தேமா. ‘பக/வன்’, ‘முதற்/றே’ இரண்டும் புளிமா. ‘உலகு’ பிறப்பு. நான் வகுப்பில் இதைக் கை தட்டிச் சொல்லவைப்பேன். கடைசிச் சீர் ‘பிறப்பு’ என்று வந்ததும் சில பிள்ளைகளின் கண் விரியும். வெண்பா என்றால் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றில்தான் முடியும் என்று படித்தது தன் கைக்கே வந்து சேர்ந்த சந்தோஷம் அது. உங்கள் மகள் தப்பாகப் போட்டாலும் பரவாயில்லை. எங்கே தப்பு என்று தானே தேடுகிறாளா, அதைப் பாருங்கள். தேடினால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.

சேர்க்கும் முன் பள்ளியில் இரண்டு விஷயம் கேளுங்கள். சிறப்புத் தமிழுக்கு இந்த வருடம் ஆசிரியர் இருக்கிறாரா, பணியிடம் காலியா? எல்லோருக்கும் உள்ள பொதுத் தமிழையும் சிறப்புத் தமிழையும் ஒரே ஆசிரியர் ஒரே பாடவேளையில் சேர்த்து நடத்துகிறாரா? இரண்டுக்கும் புத்தகம் வேறு, தேர்வு வேறு. தனித்தனிப் பாடவேளை இல்லையென்றால் வேறு பள்ளி பாருங்கள்.

வேலை பற்றியும் சொல்லிவிடுகிறேன். பி.ஏ., பி.எட். முடித்து டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறி, டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) நடத்தும் நியமனத் தேர்விலும் தேறினால் பட்டதாரி ஆசிரியர். எம்.ஏ., பி.எட். முடித்து டி.ஆர்.பி. எழுதினால் என்னைப் போல முதுகலை ஆசிரியர். எம்.ஏ.வுக்குப் பிறகு நெட் அல்லது செட் என்ற கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறினால் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம். இவை எல்லாவற்றுக்கும் காத்திருக்க வேண்டும். என் மாணவர்கள் வருடக்கணக்கில் காத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் உங்கள் மகள் ஆங்கிலத்தையும் விடாமல் படிக்கட்டும். இரண்டு மொழியிலும் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த பிள்ளைக்கு மொழிபெயர்ப்பு, பதிப்பகம், பத்திரிகை என்று பக்கத்திலேயே வேறு வழிகள் இருக்கும்.

கேள்வி: பிளஸ் ஒன்னில் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுக்கச் சொல்லி பள்ளியில் வற்புறுத்துகிறார்கள். எளிதாக 98, 99 வாங்கலாமாம். நான் இன்ஜினீயரிங் போக விரும்புகிறேன். மாறட்டுமா டீச்சர்?
– ஒரு மாணவன், சென்னை

தம்பி, அந்த 99 உனக்கு எங்கே பயன்படும் என்று கணக்குப் போட்டுப் பார். இன்ஜினீயரிங் கட்-ஆஃப் 200. அதில் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. மொழிப்பாடம் அதில் வரவே வராது. நாளைக்கு மனம் மாறி அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. போனாலும் அந்த 400-ல் மொழி இல்லை. 600-க்கு மொத்தம் எவ்வளவு என்று பள்ளி வாசலில் பேனர் வைக்கத்தான் அந்த மதிப்பெண் உதவும்.

இழப்பதையும் பார். பத்து வருடம் தமிழ் படித்துவிட்டு, நல்ல கதைகளும் பாடல்களும் புரிகிற பதினாறு வயதில் நிறுத்துவது எனக்குப் பெரிய வருத்தம். குறுந்தொகையின் காதல் பாட்டைப் பத்து வயதுப் பிள்ளைக்கு நடத்த முடியாது. அதற்கான வயது உனக்கு இப்போதுதான் வந்திருக்கிறது.

பிரெஞ்சு மேல் உண்மையான ஆசை இருந்தால் படி, நான் தடுக்கமாட்டேன். அலியான்ஸ் பிரான்சேஸ் சென்னையிலேயே இருக்கிறது. பேசவும் எழுதவும் ஒழுங்காகக் கற்றுக்கொடுப்பார்கள். மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்கிற பிரெஞ்சு, பிளஸ் டூ முடிந்த மே மாதமே மறந்துவிடும்.

கேள்வி: சிறப்புத் தமிழ் படித்தால் அரசு வேலையில் 20 சதவீதத் தமிழ்வழி ஒதுக்கீடு கிடைக்கும் என்கிறார்களே?
– ஒரு தந்தை, விழுப்புரம்

இல்லை ஐயா. 2010-ல் வந்த அந்தச் சட்டம் பயிற்றுமொழி பற்றியது. வரலாறு, பொருளியல் போன்ற பாடங்களையும் தமிழில் படித்தீர்களா என்பதுதான் கேள்வி. ஆங்கிலவழியில் படித்துக்கொண்டே தமிழை ஒரு பாடமாக எடுத்தால் அது பொருந்தாது. பள்ளியில் தொடங்கி அந்த வேலைக்குரிய படிப்பு வரை தமிழ்வழியாக இருக்க வேண்டும். மகனின் மாற்றுச் சான்றிதழில் பயிற்றுமொழி என்ன எழுதியிருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: நான் பிளஸ் ஒன் பயாலஜி குரூப். தமிழ் மிகவும் பிடிக்கும். குரூப் மாறாமல் தமிழுக்காக ஏதாவது செய்ய முடியுமா?
– ஒரு மாணவி, தென்காசி

முடியும் கண்ணு. பிளஸ் ஒன் மாணவர்களுக்கென்றே தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு இருக்கிறது. 2022-ல் தொடங்கினார்கள். 1,500 பேரைத் தேர்ந்தெடுத்து மாதம் 1,500 ரூபாய் வீதம் இரண்டு வருடம் தருகிறார்கள். அதில் பாதி இடம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. எந்த குரூப்பும் எழுதலாம். கேள்விகள் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்திட்டத்திலிருந்து வரும். அதனால் பழைய புத்தகத்தை யாருக்கும் கொடுத்துவிடாதே. விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போக வேண்டும். அறிவிப்பு வந்ததும் தலைமையாசிரியரிடம் நீயே போய்க் கேள்.