ரத்தம் குடுக்கும்போது டியூப்ல இருந்த காத்து பைக்குள்ள போயிருச்சே, ஆபத்தா?

கேட்டவர் தங்கச்சிமடத்துல ஒரு கேம்ப்ல ரத்தம் குடுத்திருக்கார். ஊசி ஏறுனதும் டியூப்ல இருந்த காத்து ரத்தத்துக்கு முன்னாடி ஓடி பைக்குள்ள போனத பாத்துட்டு, இத ஏத்திக்கிறவங்களுக்கு ஒண்ணும் ஆகாதான்னு கேக்குறார், தன் நரம்புக்குள்ள காத்து திரும்பி வந்திருக்குமோன்னும் ஒரு பயம். நான் ராம்நாடு பக்கம் ரத்த மையத்துல டெக்னீஷியன், கேம்ப்னா பாம்பன்லேர்ந்து தொண்டி வரைக்கும் சுத்துற ஆளு.

ஒண்ணும் ஆகாது தம்பி. பயப்பட வேண்டிய காத்து வேற.

ஊசி, டியூப், பை மூணும் ஒண்ணா இணைச்சு ஸ்டெரிலைஸ் பண்ணித்தான் ஃபேக்டரிலேர்ந்து வருது. டியூப் உள்துளை சுமாரா 3 மில்லிமீட்டர், நீளம் கூடிப்போனா ஒரு மீட்டர்னு வச்சுக்கங்க, கணக்கு போட்டா அதுல அடங்குற காத்து ஆறேழு மில்லிதான், அதுவும் கிருமி இல்லாத காத்து. பைக்குள்ள போய் ரத்தத்துக்கு மேல நிக்கும். அளவும் குறையாது, ஏன்னா மெஷின் எடை பாத்துத்தான் நிறுத்துது, 350 மில்லி ரத்தம்னா 370 கிராம் வரும்.

நரம்புக்குள்ள திரும்பி வராது. கையில பட்டை கட்டி அழுத்தம் குடுத்திருக்கோம், பை உங்க கைக்கு கீழ தொங்குது, ஓட்டம் உங்ககிட்டேர்ந்து பைக்குத்தான்.

இந்த பயம் நம்ம பக்கம் ஏன் கூடுதல்னு எனக்கு ஒரு அனுமானம் உண்டு. கீழக்கரை பக்கம் சங்கு குளிக்கிறவங்க இருக்கிற ஊர்ல, ரத்தத்துல காத்து சேந்தா ஆளு முடிஞ்சான்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும். ஆனா அது ஆழத்துல அழுத்தத்துல ரத்தத்துல கரைஞ்ச நைட்ரஜன், வேகமா மேல வரும்போது ஒடம்புக்குள்ளயே குமிழியா பிரியுறது. பையில நிக்கிற காத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

இப்ப அந்த வேற காத்துக்கு வரேன். ஊசி மூடியை கழட்டுறதுக்கு முன்னாடி டியூப்ப இறுக்கி அடைக்கிற கிளாம்ப் போட்டிருக்கணும், இத நீங்களே கவனிக்கலாம். கிளாம்ப் இல்லாம மூடியை எடுத்து, பையும் லேசா விரிஞ்சுச்சுன்னா ஊசி வழியா ஹால்ல இருக்கிற காத்த உள்ள இழுத்துக்கும். நம்ம கேம்ப் நடக்குறது சர்ச் ஹால்லயும் கல்யாண மஹால்லயும், அதுவும் ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலத்துலதான் ஆம்பளைங்க கரையில இருப்பாங்கன்னு அப்ப நிறைய வைப்பாங்க, வெக்கைக்கு ஃபேன் முழு ஸ்பீடுல சுத்தும், வெளிய கருவாடு காயும், அந்த காத்துல என்னென்ன இருக்கும்னு யோசிச்சுக்கங்க. ஒரு மில்லி போனாலும் தப்புதான். சிவப்பணு 2லேர்ந்து 6 டிகிரிக்குள்ள இருக்கும், அந்த குளிர்லயும் வளர்ற கிருமி உண்டு. ரத்தம் உறைய உதவுற பிளேட்லெட் இன்னும் மோசம், 20லேர்ந்து 24 டிகிரியில வைக்கிறோம், கிருமிக்கு விருந்து.

முடிக்கும்போதும் அதே கதைதான், மொதல்ல டியூப்ப அடைக்கணும், அப்புறம்தான் ஊசிய உருவணும். டியூப்ப ஒட்டுற சீலர் மெஷின் இருந்தா அது, இல்லன்னா முன்னாடியே தளர்வா போட்டு வச்ச முடிச்ச இறுக்குவோம். பாதியில ஊசி நழுவி வெளிய வந்துருச்சுன்னா அதே ஊசிய திரும்ப குத்த மாட்டோம், பையையே ஒதுக்கிருவோம். "அண்ணே, குடுத்த ரத்தம் வீணாப் போச்சே"ன்னு சண்டைக்கு வர்றவங்க உண்டு. வரட்டும்.

உள்ள இருக்கிற நல்ல காத்தும் எங்களுக்கு வேலை வைக்கும்ங்கிறது வேற விஷயம். இப்ப நிறைய பையில பக்கத்துலயே ஒரு குட்டிப் பை இருக்கும், ஊசி குத்துன இடத்து தோல் கிருமி பெரிய பைக்கு போகாம இருக்க மொத ரத்தத்த அதுல விட்டு, டெஸ்டுக்கும் அதுலேர்ந்தே எடுப்போம். டியூப் காத்தும் மொதல்ல அங்கதான் போய் நிக்கும். சாம்பிள் எடுக்கும்போது அந்த குட்டிப் பைய தலைகீழா பிடிச்சா வேக்கம் டியூப் ரத்தத்துக்கு பதிலா காத்த உறிஞ்சும், நுரை கட்டும், அணு உடைஞ்சு சாம்பிள் கெட்டுப்போகும். அப்புறம் பிளேட்லெட் பையில காத்த வெளியேத்தாம விட்டா, ஷேக்கர்ல நாள் முழுக்க ஆடுறதுல நுரைச்சுக்கும், அதனால சீல் பண்றதுக்கு முன்னாடி காத்த மெதுவா அழுத்தி பக்கத்து பைக்கு தள்ளிருவோம். எல்லாமே மூடின டியூபுக்குள்ளதான், வெளிய தொறக்குறதே கிடையாது.

வெள்ளணு வடிகட்டுற ஃபில்டர் பையில இன்னும் அழகு, வடிகட்டி முடிச்சதும் கீழ்ப் பையில சேந்த காத்த ஒருவழி வால்வு வச்ச பக்கக் குழாய்ல மேல அனுப்புறாங்க, ஃபில்டர்ல மிச்சம் நிக்கிற ரத்தத்த வழிச்சு இறக்க அந்த காத்தே உதவுற மாதிரி சில சிஸ்டம் வருது.

வார்டுல ரத்தம் ஏறும்போது சொந்தக்காரங்க பாத்துட்டு "சிஸ்டர், மெதுவா இறங்குது, காத்து ஊசி குத்துங்க"ன்னு சொல்றத கேட்டிருப்பீங்க. சலைன் கெட்டி பாட்டில்ல குத்துவாங்க, அது சுருங்காது, உள்ள காத்து போனாத்தான் தண்ணி இறங்கும். அந்தக்கால கண்ணாடி ரத்த பாட்டிலும் அப்படித்தான், அழுத்தி ஏத்துனா காத்து நரம்புக்கு போற ஆபத்து நெசமாவே இருந்துச்சு. 1950கள்ல பிளாஸ்டிக் பை வந்ததும் அந்த தொல்லை பெரும்பாலும் போச்சு. பை காலியாக ஆக தானா சுருங்கும், காத்து தேவையில்ல. நீங்க பாத்த ஆறேழு மில்லி அப்பவும் மேலேயே நிக்கும், ரத்தம் அடியிலேர்ந்து இறங்குது, சொட்டு சொட்டா விழுற டிரிப் சேம்பர் வேற நடுவுல இருக்கு, பை காலியாகுறப்ப சிஸ்டர் மூடிருவாங்க. ரத்தப் பையில மட்டும் யாரும் காத்து ஊசி குத்த விடாதீங்க.