பொற்காசுக்கு எதற்கு அனுபவப் புள்ளி?

கேள்வி: நண்பர்கள் நால்வர், கற்பனை வீரர்களாக வேடமேற்றுப் பகடை உருட்டி ஆடும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தை, 1981இல் வெளிவந்த பேசிக் விதிகளின்படி ஆடத் தொடங்கியிருக்கிறோம். பாதாள அறைகளிலிருந்து மீட்டுவரும் ஒவ்வொரு பொற்காசுக்கும் ஓர் அனுபவப் புள்ளி (வீரர் அடுத்த நிலைக்கு உயரச் சேர்க்கும் புள்ளி) என்பதும், சுமக்கும் எடைக்குக் கணக்கு வைப்பதும் எங்களுக்குப் பொருந்தவில்லை. அரக்கர்களைக் கொன்றால் மட்டுமே புள்ளி, எடைக் கணக்கே வேண்டாம் என்று மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: மாற்றிக்கொள்ள உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அந்த இரண்டு விதிகளும் ஆட்டத்தில் என்ன வேலை செய்கின்றன என்பதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

போர்வீரன் ஒருவன் இரண்டாம் நிலைக்கு உயர 2,000 புள்ளிகள் வேண்டும். கோப்ளின் என்னும் சிறிய அரக்கனைக் கொன்றால் கிடைப்பது 5 புள்ளிகள்; அதையும் நீங்கள் நால்வரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அப்படியானால், பொற்காசு விதி இல்லாத ஆட்டத்தில், நால்வரும் போர்வீரர்களாக இருந்து இரண்டாம் நிலையை அடைய 1,600 கோப்ளின்களை வெட்டிச் சாய்க்க வேண்டியிருக்கும். எட்டு முகப் பகடையை ஒருமுறை உருட்டிக் கிடைக்கும் உயிர்ப்புள்ளிகளோடு (அடிபடும்போது குறைந்து, தீர்ந்தால் சாவு) புறப்படுகிறவன் அதுவரை உயிரோடு இருப்பானா? சண்டையைத் தவிர்த்து, ஒளிந்தோ பேரம் பேசியோ ஏமாற்றியோ புதையலை எடுத்துவருவதே கெட்டிக்காரத்தனம் என்று ஆட்டக்காரர்கள் தாமாகவே உணரும்படி செய்வது இந்தப் பொற்காசு விதிதான். எதிர்ப்படும் அரக்கர்கள் தாக்குவார்களா, பேச்சுக்கு இணங்குவார்களா என்பதை இரண்டு பகடைகள் முடிவுசெய்யும் விதியும் இதனோடு சேர்ந்துதான் பொருள்படுகிறது.

எடை விதியும் அப்படியே. இதில் எடையை அளப்பதும் காசுகளால்தான். 400 காசு எடை வரை சுமப்பவர் பத்து நிமிடச் சுற்று ஒன்றில் 120 அடி நகரலாம். 800க்கு மேல் சுமந்தால் 30 அடிதான். ஆகவே 240 அடி நீளமுள்ள ஒரு வழியைச் சுமையின்றி இரண்டு சுற்றுகளில் கடப்பவர், ஆயிரம் காசுகளோடு திரும்பும்போது எட்டுச் சுற்றுகள் எடுத்துக்கொள்வார். ஒரு தீப்பந்தம் ஆறு சுற்றுகளில் அணைந்துவிடும். இரண்டு சுற்றுகளுக்கு ஒருமுறை உருட்டும் பகடையில் 1 விழுந்தால் திரியும் அரக்கர்கள் வந்து சேர்வார்கள். எவ்வளவு காசை விட்டுச் செல்வது என்ற தவிப்பு, இந்த ஆட்டத்தின் மிகச் சிறந்த தருணம் என்பேன், இங்கேதான் பிறக்கிறது. எடையை நீக்கினால் தீப்பந்தக் கணக்கும் பகடையும் வெறும் சடங்காகிவிடும்.

இந்த விதிகள் மாறவே கூடாதவை அல்ல. 1989இல் வந்த ‘அட்வான்ஸ்டு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இரண்டாம் பதிப்பு பொற்காசுப் புள்ளியை விருப்ப விதியாக ஒதுக்கியது. ஆனால் கதை இலக்கை நிறைவேற்றுவதற்கும் புள்ளி தரும் வழியை வைத்திருந்தது.

காசுகளை எண்ணுவதுதான் சலிப்பு என்றால், நூறு காசுக்கு ஒரு கட்டம் என்று தாளில் வரைந்து நிரப்பிக்கொள்ளுங்கள். நெருக்கடி குறையாமல் கணக்கு மட்டும் எளிதாகும். பொற்காசு விதியைத் தொடாமல் சில அமர்வுகள் ஆடிப் பாருங்கள். அதன் பிறகும் சண்டையே மையமாக வேண்டும் என்று நால்வரும் விரும்பினால், அரக்கர்களுக்கான புள்ளிகளையும் உங்கள் தொடக்க உயிர்ப்புள்ளிகளையும் எவ்வளவு கூட்டுவது என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு, அந்த விதியை நீக்குங்கள்.